ஆயா வைத்த பேர்

பேத்திக்குப் புனர்பூசம், மூன்றாம் பாதம். எங்கள் ஊர் ஜோசியர் ஜாதகக் குறிப்பின் ஓரத்தில் பெயரெழுத்து ‘ஹ’ என்று எழுதிக் கொடுத்தார். அதைப் படம் பிடித்து மெல்போர்னுக்கு அனுப்பி வைத்தேன். மகனும் மருமகளும் ஒரு வாரம் செல்போனும் கையுமாகத் தேடினார்கள். ஹரிணி வேண்டாம், ஹம்சா வேண்டாம், ஹாசினி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் கூப்பிட்டான்.

“அம்மா, பேர் முடிவாயிடுச்சு. ஹன்னா. சின்னப் பேரு, இங்க இருக்கறவங்க வாயிலயும் நுழையும், நம்ம ஊர்லயும் நுழையும். இங்கிலீஷ்ல எழுதினா முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் ஒண்ணேதான். அர்த்தம் அருள்னு போட்டிருக்கு.”

எனக்குப் பேச்சு வரவில்லை.

“ஏம்மா, பிடிக்கலியா?”

பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பால்காரர் மணியடித்துவிட்டுப் போனதுகூடக் காதில் விழவில்லை. அவன் தன் மகளுக்கு வைத்தது என் பெயர். அது அவனுக்குத் தெரியாது. நான் அவனிடம் சொன்னதே இல்லை.

ரேஷன் கார்டில் நான் அன்னலட்சுமி. முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடங்களில் அன்னலட்சுமி டீச்சர். ஆனால் 1954 ஐப்பசியில் திருவந்திபுரத்தில் நான் பிறந்த விடியலில் என் ஆயா எனக்கு வைத்த பேர் வேறு.

ஆயா என்றால் எங்கள் பக்கத்தில் பாட்டி. தேவநாதப் பெருமாள் கோயில் சேஷ தீர்த்தத்துக்குப் பக்கத்தில் உப்பு, மிளகு, வெல்லம் பொட்டலம் விற்றவள் அவள். அந்தக் கிணற்றில் இந்த மூன்றையும் போட்டு வேண்டிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டுவாள். ஒரு பிடி கல்லுப்பு, ஒரு சிட்டிகை மிளகு, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெல்லம். வாயை உள்ளே மடித்து வாழைநாரால் ஒரு சுற்று. முடிச்சுப் போட மாட்டாள். கிணற்றடியில் வந்து நிற்கிறவர்களுக்குக் கை நடுங்கும், சட்டென்று பிரிய வேண்டும் என்பாள். ஊருடைய வேண்டுதலெல்லாம் அவள் கை வழியாகத்தான் தண்ணீருக்குள் போயிற்று.

அவளுக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது. என் அம்மாவுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக நான். அன்றைக்கு விடாத மழை. ஊர் மருத்துவச்சி இரவு பத்து மணிக்குக் கையை விரித்துவிட்டாள். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்குப் போய் ஒரு நர்சம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்கும்போது ஆயா திண்ணையில் ஹயக்ரீவர் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் இல்லை. யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. பித்துப் பிடித்துவிட்டது என்று அண்டை வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம்.

நர்சம்மா அவள் தோளில் கை வைத்து, “நீங்க கேட்டுக்கிட்டே இருங்கம்மா, நான் உள்ள போறேன்” என்றாராம்.

விடியும்போது நான் பிறந்தேன். அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி, வாயில் விரலை விட்டுச் சளியை வழித்தெடுத்தபின் அழுதேன். ஆயா கேட்ட முதல் கேள்வி குழந்தை ஆணா பெண்ணா என்பதில்லை.

“உன் பேரு இன்னாம்மா?”

“அன்னாள்.”

“அதான் இதுக்கும் பேரு.”

வீட்டில் பெரிய ரகளை ஆயிற்று. பெருமாள் கோயில் வாசலில் பிழைக்கிற குடும்பம், வேதக்காரங்க பேரை வைப்பதா என்று பெரியப்பா குதித்தார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் இரண்டு எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் தாயாரைச் சேர்த்தார்கள். அன்னலட்சுமி. பள்ளிக்கூடத்திலும் அதுவே ஏறியது. ஆயா மட்டும் சாகும்வரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. “அன்னாளு, தண்ணி மொண்டு வா” என்றுதான் கூப்பிடுவாள். கேட்கிறவர்கள் அன்னம் என்பதைக் கிழவி இழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நர்சம்மாவுக்குக் குழந்தை இல்லை. மேல்பட்டாம்பாக்கத்துப் பழைய மிஷன் குடும்பம். 1860-களில் டேனிஷ் மிஷன்காரர்கள் அங்கே ஊன்றிய சபைதான் பிற்பாடு ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அவர் ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டுக்கு வருவார். மஞ்சள் பையில் கொஞ்சம் பலகாரம், அதற்கு மேலே மடித்த ஒரு சின்னச் சட்டை. வெள்ளைக் காடாத் துணி, கழுத்தில் நீல நூலால் சங்கிலித் தையல், முதுகில் இரண்டு பித்தான். கடையில் வாங்கியதில்லை, கையால் தைத்தது. ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் பெரிது. என்னை முன்னால் நிறுத்தித் தோளில் வைத்துப் பார்ப்பார். ஒரு தடவையும் அளவு தப்பியதில்லை. என் ஒன்பது வயதுவரை வந்தார். பிறகு மாற்றலாகி வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கடைசியாக வந்த வருஷம் நான் கேட்டேன்: “நர்சம்மா, அன்னாள்னா யாரு?”

அவர் திண்ணையில் உட்கார்ந்து என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னார். எல்க்கானா என்று ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டி. பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. வருஷா வருஷம் சீலோ என்கிற ஊருக்குக் கும்பிடப் போவார்கள். போகும்போதெல்லாம் பெனின்னாள் குத்திக்காட்டுவாள். அன்னாள் சாப்பிடாமல் எழுந்து போய்க் கோயில் வாசலில் நின்று வேண்டுவாள். உதடு அசையும், குரல் வராது. ஏலி என்கிற கிழட்டு ஆசாரியர் பார்த்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்று அதட்டுவார். குடிக்கவில்லை சாமி, மனசைக் கொட்டுகிறேன் என்பாள் அவள். அப்புறம் சாமுவேல் பிறக்கிறான்.

“உங்க ஆயா அன்னைக்கு அப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு வண்டியை விட்டு இறங்கறப்பவே உடம்பு சிலிர்த்துப் போச்சு” என்றார்.

அப்போது எனக்கு அது ஒரு கதை, அவ்வளவுதான். கதையின் மிச்சம் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழ் வாத்தியாரான பிறகு அந்தப் பேரை விட்டேனா? எபிரேயத்தில் அது மூன்று எழுத்து: ஹேத், நூன், ஹே. முதல் எழுத்து நம் ‘ஹ’வைவிட ஆழம், தொண்டையின் அடியிலிருந்து உரசிக்கொண்டு வரும். அருள் காட்டுதல், தயவு செய்தல் என்பது அதன் வேர். கார்த்தேஜின் படைத்தலைவன் ஹனிபாலின் பெயரிலும் அதே வேர்தான், பாகால் தெய்வத்தின் அருள் என்று பொருள். கிரேக்கம், லத்தீன் என்று பெயர் மேற்கே நடந்தபோது முன்னால் இருந்த ஹகரம் உதிர்ந்து அன்னா ஆயிற்று. பிரெஞ்சில் ஆன், போர்த்துகீசில் ஆனா. அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசன்ட்டின் அன்னி அதுவேதான். மலையாளத்தில் அன்னம்மா. யேசுவின் பாட்டி, அதாவது மரியாளைப் பெற்றவள் பேரும் இதுதான் என்று மரபு. பைபிளில் அவள் பேர் வராது, இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட யாக்கோபின் பெயரிலான ஒரு பழைய ஏட்டில் வருகிறது. ஜூலை 26 அவளுக்குத் திருநாள். பண்ருட்டிப் பக்கம் அங்குசெட்டிப்பாளையத்தில் பொறியியல் கல்லூரி ஒன்று அவள் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. இஸ்லாமிய மரபிலும் மரியமின் தாய் ஹன்னாதான்.

தமிழுக்கு வந்தபோது நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் இனிப்பது. சாரா சாராள் ஆனாள். லேயா லேயாள், ரெபெக்கா ரெபெக்காள், மரியா மரியாள், ஹன்னா அன்னாள். வந்தாள், போனாள், சிரித்தாள் என்று நாம் பெண்ணைச் சொல்கிற அந்த ளகரத்தைக் கொண்டுபோய் அத்தனை பேருக்கும் கடைசியில் ஒட்டவைத்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்ணுக்குக் கதவருகே நிறுத்திப் பூ வைத்துவிடுவதுபோல. அதிலும் அன்னாளுக்கு ஒரு கூடுதல் பாக்கியம். பழந்தமிழில் அன்னாள் என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. போன்றவள் என்று பொருள். பாவை அன்னாள், மயில் அன்னாள் என்று புலவர்கள் சொல்வார்கள். எபிரேயக்காரி வந்து சேர்ந்தபோது அவளுக்காகவே செய்துவைத்ததுபோல் ஒரு சொல் இங்கே காலியாக நின்றது.

இந்தத் தமிழ் அன்னாளுக்குப் பிறந்த இடமும் தூரமில்லை. கொள்ளிடம் தாண்டிப் போனால் தரங்கம்பாடி. அங்கே சீகன்பால்க் என்ற பாதிரியார் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் அச்சாகிவிட்டது. லூக்காவில் எண்பத்து நான்கு வயதில் கோயிலை விட்டு நீங்காமல் இருக்கும் ஒரு கைம்பெண் வருவாள், அவளும் அன்னாள். பழைய ஏற்பாட்டை அவர் ரூத்தின் கதைவரை கொண்டுவந்தார். 1719-ல், முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். ரூத்துக்கு அடுத்த ஏடு சாமுவேல். அதன் முதல் அத்தியாயம்தான் உதடு மட்டும் அசைய நின்ற அன்னாள். அவள் வாசலுக்கு வந்தபோது சீகன்பால்கின் கை நின்றுவிட்டது. பின்னால் வந்த சூல்ட்ஸ் என்பவர் எடுத்து முடித்தார். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடலூருக்கு வந்த இன்னொரு எபிரேயப் பெயர் இப்படி மெல்ல வரவில்லை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியது. வாங்கிய கோட்டைக்கு டேவிட் பெயரை வைத்தார்கள். அப்போது சென்னையில் கவர்னர் எலிகு யேல், அதுவும் எபிரேயப் பெயர்தான். பீரங்கியை நாலு பக்கமும் சுட்டார்கள். குண்டு எதுவரை போய் விழுந்ததோ அதுவரை கம்பெனியின் நிலம். குண்டு விழுந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்றே குறிப்பிட்டார்கள். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். இன்றைக்குக் கெடிலத்தின் முகத்துவாரத்தருகே சில சுவர்கள் நிற்கின்றன. ஆண்பிள்ளைப் பேர் பீரங்கியோடு வந்து இடிந்தது. பெண்பிள்ளைப் பேர் மழையில் மாட்டுவண்டி ஏறி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. எது நிலைத்தது என்று எனக்குத் தெரியும், நானே சாட்சி.

பேரை ஓசையாக எடுக்காமல் பொருளாக எடுத்தவர் ஒருவரும் எங்கள் மாவட்டத்தில் நடமாடியிருக்கிறார். விருத்தாசலத்துப் பக்கம் கோணான்குப்பத்தில் மாதா கோயில் கட்டிய வீரமாமுனிவர். விருத்தாசலத்து அம்மன் பெரியநாயகி. தம் மாதாவுக்கும் அவர் பெரியநாயகி என்றே பெயர் வைத்தார். தேம்பாவணியில் யோசேப்பு வளன் ஆகிறார், யோவான் கருணையன் ஆகிறார். கருணையன் தன் தாய் எலிசபெத்தை இழந்து காட்டில் அழுகிற பகுதியை நான் நடத்தியிருக்கிறேன். எத்தனை முறை நடத்தினாலும் கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளையாவது கண்ணைத் துடைக்கும். யோவானின் எபிரேய மூலம் யோகனான். கடவுள் அருளினார் என்று பொருள். யோகனானின் பிற்பாதியும் ஹன்னாவும் ஒரே வேர். கருணையன், அருளப்பன், கிருபா, அன்னாள், ஹன்னா எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெரியப்பா அன்றைக்கு ‘அருள்’ என்று ஒரு தமிழ்ப் பெயர் சொல்லியிருந்தால்கூட ஆயா கேட்டதுதான் எனக்குக் கிடைத்திருக்கும்.

மகன் குடும்பம் போன தை மாதம் வந்தது. குழந்தைக்கு மொட்டை போட வேண்டும். திருப்பதிக்கு நேர்ந்ததைத் திருவந்திபுரத்தில் செலுத்தலாம் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் பெரிய ஆறுதல். அன்று முகூர்த்த நாள். முன்பெல்லாம் கல்யாணம் என்றால் மாலையும் கழுத்துமாக நாலைந்து ஜோடி, மலையடியில் ஒரு நாதஸ்வரம். இப்போது கடலூர் ரோட்டிலிருந்தே வேன்கள் நகர முடியாமல் நிற்கின்றன. ஹயக்ரீவர் மலையின் எழுபத்து நாலு படியிலும் பட்டுப்புடவைகள். ஒரே நேரத்தில் எத்தனை தாலி ஏறுகிறது என்று எண்ண முடியாது, கெட்டிமேளம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கேட்கிறது. ஆயா உட்கார்ந்த இடத்துப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் உப்பும் மிளகும் விற்கிறார்கள். உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்தது.

சம்பந்தியம்மா என் காதருகே வந்து மெல்லக் கேட்டார்: “இதென்னங்க, வேதக்காரங்க பேரா வச்சிருக்காங்க?”

எழுபது வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா கேட்டது, அதே சொல்லில். அன்றைக்குப் பதில் சொல்ல ஆயாவிடம் ஒன்றும் இருக்கவில்லை, மனசைத் தவிர. இன்றைக்கு மருமகள் உடனே சொன்னாள்: “புனர்பூசத்துக்கு ஹ எழுத்து வருதும்மா.” சம்பந்தியம்மா தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். பஞ்சாங்கம் சொன்னால் சரி. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் ஆயாவை நினைத்துத் தொண்டை அடைத்தது.

சன்னிதியில் அர்ச்சகர் பேர், நட்சத்திரம் கேட்டார். ஹன்னா என்றான் மகன். அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஹேமாம்புஜவல்லித் தாயாரையும் ஹயக்ரீவரையும் நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய். அடிவயிற்றிலிருந்து அந்த ஹகரத்தை எடுத்து, சங்கல்பத்தில் வைத்துச் சொன்னார். எங்கள் ஊரே ஹகரத்தைத் தொலைத்த ஊர்தான். ஆதிசேஷனாகிய அஹீந்திரனின் புரம், திருவஹீந்திரபுரம். திருமங்கையாழ்வார் வாயில் அது அயிந்திரபுரம், எங்கள் வாயில் திருவந்திபுரம். ஊரும் நானும் உதிர்த்துவிட்ட ஓசை அன்றைக்கு என் பேத்தியின் பேரில் கருவறை முன்னால் திரும்ப ஒலித்தது. வேதாந்த தேசிகர் இந்தப் பெருமாளைச் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் பாடியதோடு நிற்கவில்லை, அச்யுத சதகத்தில் பிராகிருதத்திலும் பாடினார். அத்தனை மொழி கேட்ட காதுக்கு எபிரேயத்தில் ஒரு பிள்ளைப் பேர் அந்நியமாகவா இருந்திருக்கும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றிரவு மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, மாட்டுவண்டி, திண்ணை, ஆயாவின் உதடு.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏம்மா இத்தனை வருஷம் சொல்லலை?” என்றான்.

நீ கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது நியாயமில்லை. பேருக்கு என்ன அர்த்தம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். யார் ஞாபகமாக வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது பெரியவர்கள் வேலை. நான்தான் செய்யவில்லை.

கதையின் மிச்சத்தையும் அவனுக்குச் சொன்னேன். அன்னாள் வேண்டிக்கொண்டபடி, பால்குடி மறந்ததும் சாமுவேலைச் சீலோவிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்புகிறாள். அதன்பின் வருஷத்துக்கு ஒரு தடவை கும்பிடப் போகும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோகிறாள். சத்தமில்லாமல் வேண்டுவது எப்படி என்பதை யூத அறிஞர்கள் அன்னாளைப் பார்த்துத்தான் கற்றார்கள் என்று தல்மூது சொல்லும். அவர்களுடைய புத்தாண்டு நாளில் ஜெப ஆலயங்களில் இவள் கதையைத்தான் வாசிப்பார்கள். எனக்கோ அந்தச் சட்டை வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. நாற்பத்து மூன்று வயதில், ஒரு பள்ளிக்கூட நூலகத்தில், அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நர்சம்மா எதற்காக டிசம்பர்தோறும் வந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவரைத் தேடிப்போக விலாசம் இல்லை.

ஒன்பதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வருஷத்துச் சட்டை. ஆயா தன் டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். காடாத் துணி பழுத்து மஞ்சளாகிவிட்டது, நீல நூல் மட்டும் நிறம் மாறவில்லை. மறுநாள் காலை சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தை தவழ்ந்து வந்தபோது அதைப் போட்டுப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளை, கொழுகொழுவென்று இருக்கிறாள்; ஒரு கை நுழைந்தது, மறு கை நுழையவில்லை. இழுத்தால் கிழிந்துவிடும். கழற்றி மடித்து வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தேன். சுற்றளவு பத்தொன்பது அங்குலம், தோளிலிருந்து முழங்கால்வரை பதினைந்து.

மஞ்சக்குப்பத்தில் காடாத் துணி கிடைத்தது. நீல நூலும் வாங்கியாயிற்று. சங்கிலித் தையல் போடக் கண் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது, பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் உட்கார்கிறேன். டிசம்பருக்குள் தபாலில் போய்ச் சேர வேண்டும். அதற்குள் வளர்ந்திருப்பாள், ஓரத்தில் ஒரு அங்குலம் மடித்து விட்டிருக்கிறேன்.